முட்டத்தில் இரண்டரை நாள்

அலுவலகத்தில் கல்யாணம் என்று சொல்லியிருந்தேன்.
யாருக்கு என்று கூட ஒருவரும் கேட்கவில்லை.
மஞ்சள் மண்டி வாசனை
ஈரோட்டில் என்னோடு டிக்கெட் இல்லாமல் ஏறியது
நாகர்கோவிலில் துண்டை உதறும்போதுதான் தெரிந்தது.

பேருந்தில் நடத்துநர் கேட்டார்: தனியாவா?
அக்கா அடுத்த வண்டியில் வருகிறாள் என்றேன்.
லாட்ஜில் கேட்டார்கள்.
வீட்டுக்காரர் திருவனந்தபுரத்தில், ராத்திரி வந்துவிடுவார்.
சாயாக் கடையில் ஏத்தன்பழ பஜ்ஜியைக்
காகிதத்தில் வைத்துக்கொண்டே கேட்டாள் ஒருத்தி.
வாய் நிறையச் சூடு.
தலையை ஆமாமுக்கும் இல்லைக்கும் நடுவே ஆட்டிவைத்தேன்.

ஜெனிஷாவுக்கு இருபது வயதிருக்கும்.
கவிழ்த்த வள்ளத்தின் நிழலில்
பலகைக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தாள்.
அவளும்தான் கேட்டாள்.
அவளிடம் மட்டும் ஏனோ நாக்கு வரவில்லை.
ஆமாம், தனியாக.
"அப்ப ஒரு பலகை போதும்" என்றாள்,
ரேட்டைச் சொன்னாள், தேய்ப்பதைத் தொடர்ந்தாள்.

நாற்பத்து மூன்று வயதில்
மணலில் குப்புறப் படுத்தேன்.
கையை ஊனுங்க, எழும்புங்க. திரும்பப் படுங்க.
நெத்திலி காயும் விரிப்புக்குப் பக்கத்தில்
பதினோரு முறை.
வலை முடைந்துகொண்டிருந்தவர் திரும்பாமலே சிரித்தார்,
முதுகு குலுங்கியது.

"நீச்சல் தெரியுமாக்கா?"
காளிங்கராயன் வாய்க்காலில் படித்தது.
அதில் தண்ணீர் ஒரே பக்கமாகத்தான் போகும்,
போகிற வழியில் வயலும் உண்டு.
"பேடிக்காதீங்க. நீவாடு இழுத்தா
எதுத்து அடிக்காதீங்க, பைய குறுக்க வாங்க."
இதை யாராவது
பத்து வருடம் முன்பே சொல்லியிருக்கலாம்.

பிறகு விழுந்தேன்.
இடப்பக்கம், வலப்பக்கம், பலகைக்கு அடியில்,
பலகை என்மேல்.
மூக்கில் ஏறிய உப்பு கண்ணில் இறங்கியது.
கச்சான் அடங்கிய மாதம்தான்,
சின்ன அலைதான் என்றாள்.
சின்ன அலைக்கு அது தெரிந்திருக்கவில்லை.

ராத்திரி கலங்கரை விளக்கு
என் சுவரில் ஒரு கோடு போட்டது, அழித்தது, போட்டது.
கோயில் ஒலிபெருக்கியில்
காணாமல் போன ஒரு சாவிக்கொத்தின் அங்க அடையாளங்கள்.
மரச்சீனிக் கிழங்கும் சாளைக் குழம்பும் தின்று
கையைக்கூட முழுதாக மடக்க முடியாமல் கிடந்தேன்.
வீட்டுக்காரர் வரலியா என்று
கீழே இருந்து ஒரு குரல்.
ரயில் லேட் என்றேன்.
இல்லாத மனிதருக்காக
அவர்கள் வாசல் விளக்கை அணைக்காமல் விட்டார்கள்.
அது மட்டும் கொஞ்சம் உறுத்தியது.

இரண்டாம் நாள், எட்டரை இருக்கும்.
பாறைக்கு இப்பால் ஒன்று வந்தது,
உயரமில்லை, அவசரமில்லை,
யார் வீட்டுக்கோ போகிற வழியில் நிற்பதுபோல்.
கையை ஊனினேன்.
கால் எங்கிருந்தோ வந்து எனக்குக் கீழே நின்றது.
ஒன்று.
செம்மண் மேடு, குருசடி, காயும் பாவாடைகள்,
எல்லாம் என்னை நோக்கி வந்தன.
இரண்.

எழுந்து, மூக்கைச் சிந்தி, கரையைப் பார்த்தேன்.
ஜெனிஷா இல்லை.
ஏலத்துக்கு மீன் வந்ததென்று ஓடியிருக்கிறாள்.
வலைக்காரர் சாயாவுக்குப் போய்விட்டார்.
ஒரு நாய் இருந்தது, அதுவும் நண்டைப் பார்த்துக்கொண்டு.

"நின்னீங்களா?"
நின்றேன்.
"சத்தியமா?"
அக்காவை நம்பினார்கள், வீட்டுக்காரரை நம்பினார்கள்,
நின்றேன் என்றால்
இவள் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிக்கிறாள்.
கிளம்பும்போது ஒரு சீப்பு மட்டிப்பழம் தந்தாள்.
"அடுத்த தடவ வீடியோ எடுப்போம்."

திங்கட்கிழமை.
கல்யாணம் எப்படி?
நல்லா நடந்தது.
பொண்ணு?
நின்ன கோலம் நல்லா இருந்தது என்றேன்.
கீழே விழுந்த பேனாவை எடுக்கக் குனிந்தேன்.
மூக்கிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல்
கடல் ஒரு சொட்டு, வெதுவெதுப்பாக,
போக்குவரத்துச் செலவு வவுச்சரின் மேல்.